நாடு முழுக்க ஒரே முதுகு

"வழியெல்லாம் என்னம்மா பாத்தே?" என்று மகள் ஜோசெலின் தொலைபேசியில் கேட்டாள்.

"உங்கப்பா முதுகு," என்றாள் ரேலீன்.

பக்கத்தில் குந்தி உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த செல்வினுக்கு அது நன்றாகவே காதில் விழுந்தது. விழாததுபோல் இன்னும் இரண்டு சொட்டு விட்டார். மறுத்துப் பேச வழியில்லை. அவர்களுடையது டேண்டம் சைக்கிள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இரண்டு பேரும் சேர்ந்து மிதிக்க வேண்டும். கைப்பிடியைத் திருப்புவது, பிரேக் பிடிப்பது, மணி அடிப்பது, வழி பார்ப்பது எல்லாம் முன்னால் இருப்பவர் பாடு. பின்னால் இருப்பவருக்கு மிதிப்பது ஒன்றுதான் வேலை. நியூசிலாந்தின் வடக்கு முனையில் ஏறிய நாள் முதல் தெற்கே பிளஃப் துறைமுகத்தில் இறங்கிய நாள்வரை முன்னால் இருந்தது செல்வின்தான். அவரோ ஒரு கதவு அகலத்துக்கு இருப்பார். எட்டிப் பார்க்கலாமென்று ரேலீன் கொஞ்சம் உடம்பை வளைத்தால் வண்டி ஆடும். உடனே முன்னாலிருந்து, "சாயாதே!" என்று குரல் வரும்.

செல்வின் கெட்டவர் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சரக்கு ரயில் ஓட்டியவர், அவ்வளவுதான். வேடிக்கை பார்ப்பது பயணிகள் வேலை, ஓட்டுகிறவன் பார்க்க வேண்டியது தண்டவாளம் என்பது அவர் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. சரக்கு ரயிலில் பயணிகளே கிடையாது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ரேலீன் பள்ளிக்கூடத்தில் பல் பார்க்கும் செவிலியாக இருந்தவள். அவர்கள் ஊரான ஃபீல்டிங்கில் நாற்பது வயது தடியன்கள்கூட அவளைத் தெருவில் கண்டால் இன்றைக்கும் வாயை இறுக்கி மூடிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவளை இந்தப் பயணத்துக்குக் கிளப்பியது ஒரு வாக்குறுதி. ரேலீனுக்குச் சைக்கிளில் ஆசை இல்லை. அவள் ஆசைப்பட்டது ஒரு ஹொய்ஹோவைப் பார்க்க. ஹொய்ஹோ என்பது மஞ்சள் கண் பென்குவின். ஐந்து டாலர் நோட்டில் அச்சடித்திருக்கிறார்கள். நாட்டில் எல்லோர் பையிலும் அது இருக்கிறது, நேரில் பார்த்தவர்களைத்தான் விரல் விட்டு எண்ணலாம். வருஷத்துக்கு வருஷம் அது குறைந்துகொண்டே வருகிறது என்று செய்தியில் வரும்போதெல்லாம் ரேலீன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுவாள். "நீ பின்னால உக்காந்து மிதி, நான் உனக்கு ஹொய்ஹோ காட்டறேன்," என்றார் செல்வின். அவளும் நம்பி ஏறினாள்.

வழியில் எது வந்தாலும் செல்வின் வாயில் ஒரே பதில்தான். கைக்கோராவில் எல்லா வண்டிகளும் ஓரங்கட்டி நிற்க, கடலில் டால்ஃபின் கூட்டம் குதித்துக்கொண்டிருந்தது. "கடைசியில பாத்துக்கலாம், எதிர்காத்து வரதுக்குள்ள போயிடுவோம்." ஏரியில் அன்னங்கள். "கடைசியில பாத்துக்கலாம்." மலைக் கணவாயில் ஒரு கெயா கிளிதான் தானாகவே ரேலீனைத் தேடி வந்தது. வந்து அவளுடைய கையுறையைத் தூக்கிக்கொண்டு பறந்துவிட்டது. அதையும் அவள் பார்க்கவில்லை. கை குளிர்ந்தபோதுதான் தெரிந்தது.

இப்போது அந்தக் கடைசி வந்துவிட்டது. பிளஃபில் வழிகாட்டிப் பலகையைக் கட்டிக்கொண்டு படம் எடுத்தாயிற்று. ஆனால் செல்வினுக்கு அதில் ஒரு குறை. நாட்டை நெடுக்காகக் கடக்கிறவர்கள் பின்சக்கரத்தை வடக்குக் கடலில் நனைத்துக் கிளம்பி, முன்சக்கரத்தைத் தெற்குக் கடலில் நனைத்து முடிப்பது வழக்கம். நனைக்காவிட்டால் முடித்ததாகாது. பிளஃபிலோ பலகைக்குக் கீழே வெறும் பாறை. அதன்மேல் அலை வந்து அறைந்த அறையில், சைக்கிளோடு இறங்கினால் ஆளே நனைந்து முடிந்திருப்பான். கிழக்கே கேட்லின்ஸ் கரையோரமாக மூன்று நாள் ஓட்டி, அங்கே நல்ல மணல் கண்ட இடத்தில் சக்கரத்தை நனைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்த மூன்று நாளும் ரேலீனுடையவை. அவள் சொல்லும் இடத்தில் நிற்க வேண்டும்.

முதல் நாள் ஒரு கடல்நாயைப் பார்த்தார்கள். செத்துக் கிடந்தது. இரண்டாம் நாள் காலையிலிருந்து மாலைவரை செம்மறியாடு. ஃபீல்டிங்கில் இல்லாத ஆடா? ரேலீன் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் மிதிக்கிற மிதி செல்வினின் காலுக்குத் தெரியும். டேண்டத்தில் இது ஒரு வசதி, மனைவியின் கோபம் பெடல் வழியாகவே வந்து சேர்ந்துவிடும்.

மூன்றாம் நாள் ராஹேராவின் பண்ணைக்கு வந்து சேர்ந்தார்கள். ராஹேரா நாற்பது சொச்சம் வயதுக்காரி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், ஆடு வளர்ப்பு. பண்ணை முடிகிற இடத்தில் சின்ன விரிகுடா. அங்கே ஹொய்ஹோ ஜோடி ஒன்று குஞ்சு பொரித்திருந்தது. கரையை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஹரகேகே நார்ப்புதர். புதருக்குப் பின்னால் மேட்டில், பலகை அடித்து ஒரு மறைவிடம் கட்டிவைத்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் புதருக்கு நடுவே ஒரே ஓர் இடைவெளி. அதன் வழியே மணலும் கடலும் தெரியும்.

"ஒரே ஒரு சட்டம்தான்," என்றாள் ராஹேரா. "நாலு மணிக்கு மேல மணல்ல ஒரு மனுஷக் கால் படக்கூடாது. அது ரொம்பக் கூச்சக்காரப் பிராணி. கரையில ஆளப் பாத்துச்சுன்னா ஏறாது, கடல்லயே நின்னுக்கும். இங்க குஞ்சு பட்டினி."

"புரியுது," என்றார் செல்வின்.

"புரியுதுன்னு சொல்றவங்களத்தான் நான் அதிகமா கரையிலேர்ந்து இழுத்துட்டு வந்திருக்கேன்."

ரேலீன் மறைவிடத்தில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். மடியில் பைனாகுலர், பக்கத்தில் ஃபிளாஸ்க், காகிதப் பையில் சீஸ் ரோல். பலகை இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்னால் சினிமாவுக்குக் காத்திருந்த பெண் மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். செல்வின் கடிகாரத்தைப் பார்த்தார். நாலுக்கு இன்னும் நேரம் இருந்தது. மணல் இருந்தது. கடல் இருந்தது. சக்கரமும் இருந்தது.

"ரெண்டே நிமிஷம், ரே. நனைச்சிட்டு ஓடி வந்துடறேன்."

"நாளைக்குக் காலையில நனைச்சுக்கயேன். உன் கடல எவன் தூக்கிட்டுப் போகப் போறான்?"

"காலையில ஜோசெலின் வண்டியோட வந்து நிப்பா. அப்பறம் அவசரம்."

"மூணு நாள் என்னோடதுன்ன."

"ரெண்டு நிமிஷம்தானே!"

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காது என்பார்கள். நாட்டையே கடந்து வந்தவருக்கு ஒரு ராத்திரி பொறுக்கவில்லை. டேண்டத்தை உருட்டிக்கொண்டு இடைவெளி வழியாக மணலில் இறங்கினார்.

பாதி தூரம் போனபோது, அலை ஒதுக்கிய பாசிக் குவியல் ஒன்று கொட்டாவி விட்டது.

கடற்சிங்கம். ஆண். ஒரு மாட்டுக்கும் சோபாவுக்கும் பிறந்ததுபோல் இருந்தது. தலையைத் தூக்கி செல்வினைப் பார்த்தது, டேண்டத்தைப் பார்த்தது, இரண்டுமே பிடிக்காமல் ஓர் உறுமல் உறுமியது. பிறகு இரண்டு துடுப்புகளையும் ஊன்றிக்கொண்டு கிளம்பி வந்தது. அந்த உடம்பு அந்த வேகத்தில் நகரும் என்று செல்வின் கனவிலும் நினைத்ததில்லை. கடற்சிங்கம் துரத்தினால் ஓடக்கூடாது, நடுவில் எதையாவது வைத்துக்கொண்டு பின்வாங்க வேண்டும் என்பது அந்தக் கரையில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவரும் டேண்டத்தை நடுவில் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து, வந்த வழிக்கே திரும்பினார். இடைவெளிக்கு வந்து புதரில் முதுகு இடித்ததும் வண்டியோடு அப்படியே உட்கார்ந்தார். கடற்சிங்கத்துக்கு அது போதும் போலிருந்தது. அவருக்குப் பக்கத்திலேயே, மேட்டுக்கு ஏறுகிற பாதையின் வாயில் பொத்தென்று விழுந்து, மணலை முதுகில் வாரிப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனது.

முன்னால் போனால் மணல், சட்டப்படி கூடாது. பின்னால் போனால் கடற்சிங்கத்தின் மேல் ஏறித்தான் போக வேண்டும். நாலு மணி ஆயிற்று. செல்வின் முழங்காலைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, புதரோடு புதராக உட்கார்ந்தார். ரயில் சிக்னலில் இப்படி நின்றிருக்கிறார், ஆனால் சிக்னல் குறட்டை விட்டதில்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ, வலது தொடையில் குரக்களி பிடித்து இழுத்தது. பல்லைக் கடித்தார். அப்போதுதான் அலை நுரையிலிருந்து அது எழுந்து நின்றது.

முதலில் சற்று நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. பிறகு இரண்டு கையையும் பின்னால் விரித்துக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற மனிதர்போல் மணலில் நடந்து வந்தது. நேரே இடைவெளியைப் பார்த்து, நேரே அவரைப் பார்த்து வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நின்று உடம்பை உதறியது. இரண்டு துளி செல்வினின் கன்னத்தில் விழுந்தது. தலையைச் சுற்றி மஞ்சள் பட்டை, கண்ணும் மஞ்சள். வண்டியின் மணியில் தன் முகத்தைப் பார்த்து, தலையைச் சாய்த்து, மறுபடி பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டி, அந்தச் சின்ன உடம்பிலிருந்து வருமென்று யாரும் நம்ப முடியாத சத்தத்தில் கத்தியது. புதருக்குள்ளிருந்து குஞ்சு பதில் கொடுத்தது. டேண்டத்தின் கம்பிக்குக் கீழே குனிந்து, அவருடைய பூட்ஸை மிதித்துக்கொண்டு, அது உள்ளே போய்விட்டது.

 வாழ்நாளில் அவர் ஒரு பறவைக்காகவும் நின்றதில்லை. அது அவர் காலை மிதித்துவிட்டுப் போகிறது. ரே இதைப் பார்த்திருப்பாள், பைனாகுலரில் இன்னும் பெரிதாகப் பார்த்திருப்பாள் என்று நினைத்தபோது மனசு நிறைந்து வழிந்தது. அடுத்த நொடி, தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று உறைத்தது.

மறைவிடத்திலிருந்து பார்க்க இருப்பது ஒரே ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் இருப்பது அவர்.

கடலில் இன்னொரு தலை எழுந்தது. ஜோடியில் மற்றது. இதையாவது அவள் பார்க்கட்டும் என்று செல்வின் மெல்லக் குப்புறப் படுத்து, வயிற்றால் ஊர்ந்து, பக்கத்துப் புதருக்குள் தலையை நுழைத்தார். நார் இலை கத்திபோல் கன்னத்தைக் கீறியது. எல்லாம் சரியாகத்தான் நடந்தது, சாய்ந்துகொண்டிருந்த டேண்டம் சரிகிறவரை. மணி கிணிங்கென்றது. பென்குவின் ஒரு தடவை பார்த்தது. திரும்பி, அலைக்குள் போய்விட்டது.

இருட்டத் தொடங்கியபோது கடற்சிங்கம் எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் கடலுக்குப் போனது. செல்வின் நொண்டிக்கொண்டே மேட்டில் ஏறினார். சக்கரம் நனையவில்லை, அது அவருக்கு நினைவிலும் இல்லை.

"எத்தனையோ வருஷமா ஆளுங்கள இங்க கூட்டிட்டு வரேன்," என்றாள் ராஹேரா. "மழை மறைச்சிருக்கு, மூடுபனி மறைச்சிருக்கு. ஒரு ஆளு மறைச்சது இதான் முதல் தடவை. மஞ்சள் ரெயின்கோட் வேற!"

"ரெண்டாவது... அது திரும்பி வருமா? குஞ்சு?"

"நீங்க போனதும் வரும். குஞ்சு சாகாது, கவலைப்படாதீங்க. ஆனா அதுக்குள்ள இருட்டிடும். இவங்க கண்ணுக்குத் தெரியாது."

ரேலீன் ஃபிளாஸ்கை மூடினாள். பைனாகுலரை உறையில் போட்டாள். திட்டுவாள் என்று செல்வின் காத்திருந்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பண்ணையில் போட்டிருந்த கூடாரத்துக்கு வந்து அவருடைய கன்னத்துக் கீறலில் மருந்து போட்டாள். சீஸ் ரோலைச் சுடவைத்து அவருக்கும் ஒன்று கொடுத்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"சின்னதாத்தான் இருந்துச்சு," என்றார் செல்வின். "பெருசா ஒண்ணும் இல்ல. வாத்து மாதிரி."

ரேலீன் அவரைப் பார்த்தாள். ஃபீல்டிங்கில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பார்வை அது.

"வாயத் திற," என்றாள்.

திறந்தார். எல்லாம் வந்துவிட்டது. உதறிய துளி, மஞ்சள் கண், மணியில் முகம் பார்த்தது, பூட்ஸை மிதித்தது, ஒன்று விடாமல் சொன்னார். அந்தக் கத்தலைக்கூடக் கத்திக் காட்டினார், பண்ணை வீட்டில் விளக்கு எரிந்தது. சொல்லச் சொல்ல ரேலீன் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"நாடு முழுக்க உன் முதுகப் பாத்துட்டு வந்தேன், செல்வின். போகட்டும், கடைசியில ஒண்ணு பாப்போம்னு இருந்தேன். அங்கயும் வந்து உக்காந்துட்டியே."

"தப்புதான், ரே."

"தப்புதான். தூங்கு."

செல்வினுக்குத் தூக்கம் வரவில்லை. நனைப்பது பெரிதாகத் தெரிந்த புத்தியைத் தனக்குத்தானே வைதுகொண்டு புரண்டார். வாக்குக் கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்தவளிடம் இனிமேல் கொடுக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தார். ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

விடிந்ததும் ரேலீன் கூடாரத்தைத் திறந்தபோது, அவர் ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். முன் இருக்கை கீழே இறங்கியிருந்தது. பின் இருக்கை மேலே ஏறியிருந்தது.

"என்ன பண்ற?"

"நீ முன்னால. படகுத் துறைவரைக்கும். ஜோசெலின் அங்கதான் வருவா."

"எனக்குத் திருப்பத் தெரியாது."

"நேர் பாதைதான். பிரேக்கு ரெண்டு கையிலயும் இருக்கு. மணி மட்டும் அடிக்காத, அது ராசியில்லாத மணி."

கிளம்பும்போது வேலியில் இடித்தார்கள். இரண்டாம் தடவை ஓர் ஆட்டை ஒதுக்கி ஓட்டி, மூன்றாம் தடவை வண்டி நேரே நின்றது. பண்ணைப் பாதை நார்ப்புதரை ஊடறுத்துக்கொண்டு படகுத் துறைக்கு இறங்கியது. செல்வின் முதன்முறையாகப் பின்னால் உட்கார்ந்து மிதித்தார். கண்முன்னால் ரேலீனின் நீல ஜாக்கெட். காலரில் விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்கியது. தோளில் ஒரு தையல் பிரிந்திருந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. பள்ளமா மேடா என்று வண்டி குலுங்கிய பிறகுதான் தெரிந்தது. இப்படியா இவள் அத்தனை தூரம் வந்தாள் என்று நினைத்தார். பாதை வளைகிறதா என்று பார்க்க லேசாக எட்டினார்.

"சாயாதே!" என்றது முன்னாலிருந்து குரல்.

நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கொஞ்ச தூரத்தில் ரேலீன் சட்டென்று பிரேக் பிடித்தாள். செல்வினின் மூக்கு ஜாக்கெட்டில் முட்டியது. இருவரும் ஒவ்வொரு காலை ஊன்றி நின்றார்கள்.

"என்ன?"

ரேலீனின் கை மட்டும் பின்னால் வந்து அவர் முழங்காலை அழுத்தியது. பேசாதே என்று பொருள். முன்னால், சரளைக் கல்லில் தட்தட்டென்று சின்னச் சின்ன அடி. நிற்கிறது. மறுபடி தட்தட்டென்கிறது. அது என்னவென்று அவருக்குத் தெரியும். இரண்டு அங்குலம் சாய்ந்தால் போதும், அவரும் பார்க்கலாம். சாய்ந்தால் வண்டி ஆடும், வண்டி ஆடினால் அது ஓடும்.

செல்வின் சாயவில்லை. அந்த நீல ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு முதலில் மூச்சே இல்லாமல் விறைத்து நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. தோள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தன. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பின்னாலிருந்து சொல்ல முடியவில்லை, ஆனால் சந்தோஷமாக இருக்கிறாள் என்பது மட்டும் அப்பட்டமாகத் தெரிந்தது. அவருக்கும் கண் கலங்கியது. புதர் சலசலத்தது. காலடிச் சத்தம் கடல் பக்கமாகப் போய் மறைந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றார் மெதுவாக.

"சின்னதாத்தான் இருந்துச்சு," என்றாள் ரேலீன், குரல் உடைந்து. "வாத்து மாதிரி. மிதி."

படகுத் துறையில் ஜோசெலின் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். ரேலீன் பிரேக்கே பிடிக்கவில்லை. சரிவில் அப்படியே இறங்கி முன்சக்கரத்தைக் கடலுக்குள் விட்டாள். கணுக்கால்வரை தண்ணீர் வந்தது. நாடு முடிந்தது. ஜோசெலின் படம் எடுத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"அம்மா முன்னாலயா! என்னப்பா இது அதிசயம்? வழியில பென்குவின் பாத்தீங்களா?"

"அம்மா பாத்தா."

"நீ என்ன பாத்தே?"

"உங்கம்மா முதுகு," என்றார் செல்வின், தண்ணீரில் நின்றபடியே அந்தத் தொங்கும் நூலைப் பல்லால் கடித்து எடுத்துக்கொண்டு.